பதிவேட்டில் ஆறு நாற்பது

ஏழு மணிக்கு மேல் என் வீட்டுக்காரர் யாருக்கும் கல்யாணம் செய்துவைக்க மாட்டார். மராத்தி ஊரான கட்கியில் இருக்கிற தமிழ் ஜனம் அத்தனைக்கும் இது தெரியும். ராகுகாலம், எமகண்டம் பார்க்கிற ஆள் இல்லை அவர், பாஸ்டர். ஆனால் 1872இல் வெள்ளைக்காரன் போட்ட கிறிஸ்தவத் திருமணச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அவரைப் போல அரசாங்க லைசென்ஸ் வாங்கிய சின்னச் சபைப் பாஸ்டர்கள் காலை ஆறிலிருந்து மாலை ஏழு வரைதான் கல்யாணம் நடத்தலாம். தெரிந்தே மீறினால் மூன்று வருஷம் வரை ஜெயில். வெள்ளைக்காரன் போய் ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, சட்டம் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

பாதிப் பாஸ்டர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் கண்டுகொள்வதில்லை. இவரோ அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரர். ஒரு தடவை ஏழு ஐந்துக்கு வந்த மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி, "காலையில ஆறு மணிக்கு வாங்க, நான் குளிச்சு ரெடியா இருப்பேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பிரியாணி அண்டா வந்து இறங்கியிருந்தது. அந்தக் குடும்பம் இன்றுவரை எங்கள் சபைப் பக்கம் வருவதில்லை. அது போதாதென்று, பதிவேட்டில் யாரும் கேட்காத ஒன்றையும் செய்வார். ஓரத்தில் தாலி கட்டிய நேரத்தை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்.

"நாளைக்கு ஒருத்தன் கேட்டா பதில் சொல்லணும்லா" என்பார்.

அவர் பெயர் பாக்கியநாதன், சாயர்புரத்துக்காரர். நான் எப்சிபா, கட்கியிலேயே பிறந்தவள். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை பார்த்தவர்கள். பதினேழு வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை. இட்லி கல் மாதிரி இருந்தால் கல் மாதிரி இருக்கிறது என்றுதான் சொல்வார், விருந்தாளிகள் முன்னாலும் சொல்வார். அந்த மனுஷனைத்தான் 1996 டிசம்பர் 14ஆம் தேதி, சனிக்கிழமை, நான் ஏமாற்றினேன்.

அன்றைக்கு ரோஹிணிக்குக் கல்யாணம். எங்கள் சபையில் வளர்ந்த பெண், கேம்ப் ஏரியாவில் ஒரு டாக்டரிடம் ரிசப்ஷனில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை ஹரிபிரசாத் கோயம்புத்தூர்ப் பையன், இந்து. ஊரின் மறுகோடியில், ஹடப்சரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே இந்தச் சட்டப்படி கல்யாணம் செய்யலாம். நோட்டீஸ் ஒட்டி எல்லாம் முறைப்படிதான் செய்திருந்தார் இவர். பையன் வீட்டில் மட்டும் தெரியாது. "அப்புறமா பக்குவமா சொல்லிக்கிறேன் ஆன்ட்டி" என்றிருந்தான். ரோஹிணிக்கு மூன்று மாதம் என்பது அவர்கள் இரண்டு பேரையும் விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஐந்தரைக்குக் கல்யாணம். ஆறு மணி ஆயிற்று, ஆறேகால் ஆயிற்று, ஆளைக் காணோம். பக்கத்துக் கடைக்கு போன் வந்தது. ஆபீஸில் விடவில்லையாம், இதோ கிளம்பிவிட்டானாம். ரோஹிணி வெள்ளைப் புடவையில், தலையில் வைத்த பூ வாடித் தொங்க, முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா தாமஸ் அண்ணன். அம்மா இல்லாத பெண். வேறு ஒரு ஈ காக்காய் கிடையாது. ரகசியக் கல்யாணத்துக்கு ஊரைக் கூப்பிடுவார்களா, போட்டோக்காரனைத்தான் வைப்பார்களா?

ஆறேகால் தாண்டியதும் இவர் எழுந்தார். "ஏழு ஆயிட்டுன்னா நான் அங்கியக் கழட்டிருவேன். மிச்சத்தைக் காலையில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஜெபம் பண்ணப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு அந்தப் பையனை முதலிலேயே பிடிக்கவில்லை. கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான். நோட்டீஸில் கையெழுத்துப் போடுவதற்குள் பேனா மூடியை மூன்று தடவை கழற்றி மூடினான். இன்றைக்குத் திருப்பி அனுப்பினால் நாளைக் காலை வரமாட்டான், என்றைக்குமே வரமாட்டான் என்று எனக்குப் பட்டது. ஆறு ஐம்பதுக்குப் பெஞ்சின்மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். முள்ளை நாற்பது நிமிஷம் பின்னால் தள்ளி மறுபடி மாட்டினேன். தாமஸ் அண்ணன் பார்த்தார். பார்த்துவிட்டு வேதத்தைத் திறந்து தலையைக் குனிந்துகொண்டார். இவர் கைக்கடிகாரம் கட்டுவதில்லை, கட்டினால் தோல் அரிக்கும்.

ஹரிபிரசாத் வந்து ஸ்கூட்டரை நிறுத்தியபோது நிஜ நேரம் ஏழு பத்து. சுவரில் ஆறரை. நான் ஓடிப்போய்ப் பின்னறைக் கதவைத் தட்டி, "வந்துட்டாருங்க, சீக்கிரம் வாங்க" என்றேன். கொஞ்சம் தாமதித்து, அங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். சுவரைப் பார்த்தார். ரோஹிணியைப் பார்த்தார். வேதத்தைத் திறந்தார். பத்து நிமிஷத்தில் தாலி ஏறிவிட்டது. பதிவேட்டின் ஓரத்தில் மாலை 6.40 என்று எழுதினார். சாட்சிக்குத் தாமஸ் அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் முள்ளைச் சரிசெய்துவிட்டேன். ஒரு பெண்ணைக் கரையேற்றிவிட்ட சந்தோஷத்தில் மத்தியானம் கறிக்குழம்பு வைத்தேன். இவர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கரையேற்றினேனா? ஹரிபிரசாத் ஞாயிற்றுக்கிழமைகளில் ரோஹிணி வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், போவான். நிக்டியில் ஃபிளாட் பார்க்கிறேன் என்பான். அப்பாவுக்கு பிளட் பிரஷர், இப்போது சொல்ல முடியாது என்பான். பெண் குழந்தை பிறந்தது. ஆறு மாதம் தூக்கிக் கொஞ்சினான். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை மாதத்துக்கு ஒரு தடவை ஆயிற்று. தாமஸ் அண்ணன் அந்தக் கவலையிலேயே 98 ஏப்ரலில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். நவம்பர் கடைசியில் ரோஹிணி ஒரு கல்யாணப் பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவனோடு வேலை பார்க்கிற யாரோ மனசு கேட்காமல் கொண்டுவந்து கொடுத்ததாம். மணமகன் ஹரிபிரசாத். கோயம்புத்தூர், டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை. கல்யாணம் முடிந்த கையோடு பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு அமெரிக்கா போகிறானாம்.

அந்தக் கல்யாணத்தைத் தடுக்கக் கோர்ட்டுக்குப் போனாள். அவளுக்காக வாதாடியவள் வைஷாலி என்கிற மராத்திப் பெண். முப்பது வயது இருக்கும், ரயில் வேகத்தில் பேசுவாள். டிசம்பர் 7, திங்கட்கிழமை மத்தியானம் எங்களை வரச் சொல்லியிருந்தாள். சிவாஜிநகர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடியறை அவள் ஆபீஸ். ரோஹிணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். வைஷாலி எங்களோடு இந்தியில் பேசினாள்.

"கல்யாணமே நடக்கலைன்னு பதில் போட்டிருக்கான். ஒரு நாள் ஜெபத்துக்கு வந்தப்ப ஏதோ புஸ்தகத்துல கையெழுத்து வாங்கிட்டாங்களாம். இதைப் பாருங்க."

ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை நீட்டினாள். ஹடப்சர் கம்பெனியின் கேட் ரிஜிஸ்டர். 1996 டிசம்பர் 14. ஹரிபிரசாத் வெளியே போன நேரம் 6.20, பக்கத்தில் அவன் கையெழுத்து.

"ஆறு இருபதுக்கு ஹடப்சர்ல இருந்தவன் ஆறு நாற்பதுக்குக் கட்கியில எப்படித் தாலி கட்டுவான்? அதனால உங்க பதிவேடே போலின்னு சொல்றான். பாஸ்டர்ஜி, நேரத்தை எழுதச் சொல்லி உங்களை யார் கேட்டது?"

யாரும் கேட்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

"ஆறு நாற்பதுதானா?" என்றாள் வைஷாலி.

"கடிகாரத்துல ஆறு நாப்பது இருந்துச்சு" என்றார் இவர்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் சட்டத்தை மட்டும் சொல்றேன், என்ன செய்யணும்னு சொல்லமாட்டேன். கல்யாணம் ஏழுக்கு மேல நடந்திருந்தாலும் செல்லும். நேரம் தப்பினதால கல்யாணம் கெடாதுன்னு அதே சட்டத்துல இருக்கு. ரோஹிணிக்கு ஆபத்து இல்லை. ஆனா நடத்தி வச்ச பாஸ்டருக்கு மூணு வருஷம் வரைக்கும். பதிவேட்டுல வேணும்னே பொய் எழுதியிருந்தா அதுக்கு ஏழு வருஷம் வரைக்கும்."

ஏழு வருஷமா! மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? என் மடியில் ஒரு சுவர்க் கடிகாரமே இருந்தது.

"இன்னொண்ணு" என்று வைஷாலி குரலைத் தாழ்த்தினாள். "இந்தச் சட்டத்துல கேஸ் போட ரெண்டு வருஷம்தான் கெடு. வர்ற திங்கட்கிழமையோட முடியுது. அதுக்கப்புறம் பாஸ்டரை யாரும் தொட முடியாது. நாளைக்கு விசாரணையில அவருக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னா, ஜட்ஜ் ஒரு வாரம் தள்ளி வைப்பாங்க."

ஒரு வாரம். வெள்ளிக்கிழமை அவன் கல்யாணம்; அப்புறம் அமெரிக்கா. யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரோஹிணி குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டபடியே பேசினாள். அவள் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும்.

"பாஸ்டர், உங்களுக்கு கஷ்டம்னா... நீங்க வராதீங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். சச்சி, நிஜமா."

அவள் அழுது கெஞ்சியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபப்பட்டிருப்பேன். இப்படிச் சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் வாரேன்மா. எழுதினது என் கை" என்றார் இவர்.

மறுநாள் காலை கட்கி ஸ்டேஷனில் லோக்கலுக்குக் காத்திருந்தோம். பதிவேட்டை மஞ்சள் துணிப்பையில் போட்டு மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். ஒரே ஒரு ஸ்டேஷன்தான் சிவாஜிநகர். வண்டி ஏறி உட்கார்ந்தால் சொல்ல நேரம் இருக்காது. நான் பிளாட்பாரத்திலேயே சொன்னேன்.

"என்னாங்க. அன்னைக்கு கடிகாரத்தை நான்தான் திருப்பினேன்."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு?" என்றார்.

"நாப்பது நிமிஷம்."

"ம்."

"திட்டுங்க. அந்தப் பொண்ணு வயித்துல குழந்தைங்க அப்போ. அவன் போனா வரமாட்டான்னு தெரியும் எனக்கு. உங்ககிட்ட சொன்னா ஒத்துக்கமாட்டீங்க. அதான் செஞ்சேன். இப்ப ஒண்ணும் கெட்டுப்போகலை. உங்களுக்குத் தெரியாது இல்ல? தெரியாம செஞ்சா குத்தம் இல்லை, வைஷாலியே சொன்னா, தெரிஞ்சே செஞ்சாதான்னு. என் பேரைச் சொல்லுங்க. என் பொண்டாட்டி திருப்பிட்டா, நான் சுவரைப் பார்த்து எழுதினேன்னு சொல்லுங்க. முடிஞ்சுது. ரோஹிணி கல்யாணமும் நிக்கும், நீங்களும் வீட்டுக்கு வந்துருவீங்க."

"நீ?"

"என்னை என்ன பண்ணுவான்? நான் பாஸ்டரா? எனக்கு என்ன லைசென்ஸ் இருக்குது பிடுங்கிறதுக்கு?"

அவர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வண்டி வந்தது, கூட்டத்தில் என்னை முன்னால் ஏற்றிவிட்டு அவர் பின்னால் ஏறினார். சிவாஜிநகர் வரை என் பக்கம் திரும்பவில்லை. இந்த மனுஷன் இனி என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கோர்ட்டில் நீதிபதி ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் நடந்தது. எனக்கு இரண்டும் ஓடும், அதனால் தமிழில் சொல்கிறேன். என்னைச் சாட்சியாகக் கூப்பிடவில்லை. பாஸ்டர் பெண்டாட்டி பாஸ்டர் சொன்னதைத்தானே சொல்வாள் என்று வைஷாலி விட்டுவிட்டாள். கடைசி பெஞ்சில் ரோஹிணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹரிபிரசாத் முன் வரிசையில், புது மாப்பிள்ளைக்கு முடிவெட்டின தலையோடு இருந்தான். குழந்தை அவன் முதுகைப் பார்த்து, "பப்பா" என்றது. அவன் கழுத்து விறைத்தது, ஆனால் திரும்பவில்லை. நாய்கூட வளர்த்த குட்டியைத் திரும்பிப் பார்க்கும்.

இவர் வேதத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். வைஷாலி சுருக்கமாகக் கேட்டாள். கல்யாணம் நடத்தினீர்களா? நடத்தினேன். இவருக்கும் இவளுக்குமா? ஆமாம். பதிவேட்டைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள்.

அவன் வக்கீல் எழுந்தார். தலைக்குச் சாயம் அடித்த பெரிய மனுஷர். பதிவேட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"மாலை ஆறு நாற்பது. உங்கள் கையெழுத்தா?"

"என் கையெழுத்து."

"என் கட்சிக்காரர் ஆறு இருபதுக்கு ஹடப்சரில் கேட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இருபது நிமிஷத்தில் கட்கிக்கு எப்படி வந்தார்? ஹெலிகாப்டரிலா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஆறு நாற்பதுக்கு வரவில்லை. ஏழு மணிக்கு மேல்தான் வந்தார். அதற்கு அப்புறம்தான் கல்யாணம்."

வக்கீல் இதை எதிர்பார்க்கவில்லை. "அப்படியானால் இங்கே எழுதியிருப்பது பொய்?"

"பொய்தான்."

"போதும்" என்று அவர் நீதிபதியிடம் திரும்பினார். "பொய்ப் பதிவேடு என்று எழுதியவரே ஒத்துக்கொள்கிறார்."

வைஷாலி துள்ளி எழுந்தாள். அவள் மூளை வேலை செய்வது முகத்தில் தெரிந்தது. பிளாட்பாரத்தில் நான் சொன்னது எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் நான் காட்டிய அதே கதவை அவளும் திறந்து பிடித்தாள்.

"பாஸ்டர், சர்ச் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நேரம் எழுதுவீர்கள், இல்லையா?"

"ஆமாம்."

"அன்றைக்கு அந்தக் கடிகாரம் ஆறு நாற்பது காட்டியது?"

"ஆமாம்."

"ஆக, கடிகாரம் தாமதமாக ஓடியிருக்கிறது. ஏழு தாண்டிவிட்டது என்று அப்போது உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம் என்று சொல்லுங்கள். ஒரு வார்த்தை. சொல்லிவிட்டு இறங்கி வாருங்கள், ஆண்டவரே இவரைச் சொல்ல வையும் என்று உதடு அசைய ஜெபித்தேன்.

"இல்லை" என்றார் இவர். "எனக்குத் தெரியும்."

வைஷாலி கையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"நான் பின்னறையில் இருந்தபோது ஃபாக்டரியில் ஏழு மணிச் சங்கு ஊதியது. கேட்டேன். சொன்னபடி அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள், மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று. அந்தப் பெண் அழுகிற சத்தமும் கேட்டது. அங்கியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டேன். வெளியே வந்தால் சுவரில் ஆறரை. அது தப்பு என்று தெரிந்தேதான் பார்த்தேன். தெரிந்தேதான் எழுதினேன்."

சங்கு! கட்கியில் பிறந்தவர்களுக்கு அந்தச் சங்கு காதில் விழுவதே இல்லை. தினமும் மூச்சு விடுகிற மாதிரி அது பாட்டுக்கு ஊதும், நாங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம். அன்றைக்கு ஏழு மணிக்கு நான் வாசலில் நின்று ஸ்கூட்டர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குக் கேட்கவே இல்லை. அவர் சாயர்புரத்துக்காரர். இத்தனை வருஷம் ஆகியும் அவருக்கு ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறது. இரண்டு வருஷம் இந்தப் பாவத்தை நான் ஒருத்தி தனியாகச் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவருக்குத் தட்டில் சோறு போட்டேன். அவரும் அதையேதான் சுமந்துகொண்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

நீதிபதி கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். "இப்படிச் சொன்னால் உங்களுக்கு என்ன தண்டனை என்று தெரியுமா?"

"நேற்று வக்கீலம்மா சொன்னார்கள்."

"அந்தக் கடிகாரத்தை மாற்றி வைத்தது யார்?"

இவர் வேதத்தின்மேல் இருந்த கையை எடுத்தார். எடுத்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

டைப்ரைட்டர் அதை அடித்தது. காலையில்தான் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். பதினேழு வருஷம் பொய் சொல்லாத வாய். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பாதிப் பொய்கூடச் சொல்ல மறுத்த மனுஷன், என்னைக் காப்பாற்ற முழுப் பொய் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் தப்பு செய்த பிள்ளை மாதிரி கூண்டில் நின்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன. என்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஜெயில் என்றால் எனக்குப் பயம். ஆனால் அந்தச் சிவந்த காது அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. எழுந்தேன்.

"மேடம், அவருக்குத் தெரியும். முள்ளைத் திருப்பினது நான்" என்று மராத்தியில் சொன்னேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"உட்காரம்மா!" என்று கோர்ட் சேவகன் அதட்டினான். இவர் கூண்டிலிருந்து, "எப்சி, சும்மா இரி" என்று தமிழில் கத்தினார். ஹரிபிரசாத் அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தான்.

"ஆறு ஐம்பதுக்குப் பெஞ்சு மேல ஏறித் திருப்பினேன். சாட்சிக் கையெழுத்திலும் என் பேர் இருக்கு, பாருங்க. அவரை உள்ள போடறதா இருந்தா என்னையும் போடுங்க. அவர் பொய் சொன்னது எனக்காக."

வக்கீலுக்கு வெற்றி வந்துவிட்ட மாதிரி இருந்தது. மேஜையைத் தட்டினார். "பார்த்தீர்களா! புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சதி செய்து, ஏழு மணிக்கு மேல், சட்டத்துக்கு விரோதமாக இந்தக் கல்யாணத்தை நடத்தியிருக்கிறார்கள்!"

நீதிபதி அவரைப் பார்த்தார். "அப்போது, கல்யாணம் நடந்தது என்கிறீர்கள்?"

ஹரிபிரசாத் வக்கீலின் கோட்டு முனையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னான். வைஷாலி அந்த வரியையும் பதிவு செய்யும்படி நிதானமாகக் கேட்டாள்.

மத்தியானம் உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரை ஹரிபிரசாத் வேறு கல்யாணம் செய்யக்கூடாது. கோயம்புத்தூருக்குத் தந்தி போனது. அதே உத்தரவில் கடைசிப் பத்தி எங்களைப் பற்றி. இரண்டு பேரும் சொன்னதன் நகலைப் போலீசுக்கு உடனே அனுப்ப வேண்டும், கெடு முடிய ஆறு நாள்தான் இருக்கிறது.

ரோஹிணி வெளியே வந்து எங்கள் முன்னால் நின்றாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள், தமிழும் வரவில்லை, இந்தியும் வரவில்லை. குழந்தையைத் தூக்கி இவர் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் அழுதாள். குழந்தை இவர் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"போலீஸ் வரும்" என்றாள் வைஷாலி. "ரெண்டு நாள்ல வரும். நான் ஜாமீனுக்குத் தயாரா இருக்கேன். ஆனா ஒண்ணும் உறுதியா சொல்ல முடியாது." முதல்முறையாக அவள் மெதுவாகப் பேசினாள்.

அவள் போன பிறகு நாங்கள் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தை அவர் தோளில் தூங்கிவிட்டது. நான் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் தயங்கித் தயங்கி நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

"சங்கு கேட்டதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "ரெண்டு வருஷமா செத்துச் செத்துப் பொழைச்சேன்."

"சொன்னா, கடிகாரத்தைத் திருப்புனது நீதானான்னு கேக்கணும். கேட்டா நீ பொய் சொல்லுவ. எதுக்குன்னு விட்டுட்டேன்."

"இன்னைக்கு மட்டும் எதுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க?"

அவர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் என்மேல் கோபமும் இருந்தது. பதினேழு வருஷத்தில் அந்தக் கோபத்தை நான் பார்த்ததில்லை.

"வாழ்நாள்ல வாயால ஒரே ஒரு பொய் சொன்னேன் எப்சி" என்றார். "அதையும் நிக்க விடலியே நீ."